சகலையின் காரில் மூன்று ஏரிகள்

என் சகலை கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். குடிப்பவராகவோ, புளுகுபவராகவோ, குறைந்தபட்சம் டீயை உறிஞ்சிக் குடிப்பவராகவாவது இருந்திருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். வாலாஜாபாத்தில் அரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்து, இப்போது சொந்தமாக லாரிகள் விடுகிறார். என்னைவிட வயதில் சின்னவர். எங்கே பார்த்தாலும் தோளில் கை போட்டுப் பேசுவார். நல்லவர் மேல் பொறாமைப்படுவதைப் போன்ற கஷ்டம் வேறு கிடையாது. வெளியே சொல்லித் திட்ட ஒரு வார்த்தையும் அகப்படாது, எல்லாவற்றையும் வயிற்றுக்குள்ளேயே வைத்து வேகவிட வேண்டும்.

போன கோடையில் அவர் கார் வாங்கினார். வாங்கியவர் நேரே ஏகாம்பரநாதர் சன்னதிக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு, அடுத்ததாக எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் கார் திரும்ப இடம் பற்றாது. தெருவே இறங்கி வந்து "ரைட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்று வழிகாட்டியது. என் பழைய மொபெட்டை நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

"அண்ணி, ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி, எல்லாம் ஒரே ரவுண்டுல பாத்துட்டு வந்துடலாம். மூணு மலை, மூணு ஏரி. நீங்க எங்கயும் போனதே இல்லன்னு உங்க தங்கச்சி சொல்லிக்கினே இருக்குது."

என்னிடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணியிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, அதைக் கிளப்பியது நான் இல்லை.

அவள் எங்கும் போகாததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஓடுவது கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒற்றை ஆள் உட்கார்ந்து அதை நெய்ய முடியாது. நான் தறிக்குழியில் காலைவிட்டு உட்கார்ந்தால், என் வலது பக்கத்தில் அவள் உட்கார்ந்து வலது கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையைப் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் பலகையை இழுத்து அடிப்பேன், டக்கென்று சத்தம் வரும், உடனே அவள் கை நாடாவை இடது பக்கமாகத் தள்ளிவிடும். நான் வாங்கிக் கோர்த்துத் திருப்பி அனுப்புவேன். அவள் பார்க்கக்கூட மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு வம்பு பேசிக்கொண்டே போடுவாள், டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டே போடுவாள், கை தப்பாது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் உட்காரும் இடம் அதுதான். ஒருவருக்கு லீவு என்றால் இருவருக்கும் லீவு. அவள் அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போனால் என் தறி ஒரு வாரம் சும்மா கிடக்கும். அதனால் அவள் போவதில்லை.

ஊட்டிப் பேச்சை முதலில் எடுத்தவன் நான்தான். கல்யாணமான புதிதில், படகில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவைத்தேன். மலைக்கு மேலே ஏரி இருக்கும் என்பதை அவள் நம்பவில்லை. "மேல எப்படிங்க தண்ணி நிக்கும்?" என்று கேட்டாள். கீழே இருக்கும் எங்கள் பாலாற்றிலேயே தண்ணீர் நிற்பதில்லை, அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பிறகு தறியில் ஏற்றும் நூல் பாவு மேல் பாவாக வந்துகொண்டிருந்தது, ஊட்டி அங்கேயே இருந்தது.

ஆகவே இந்தப் பயணத்தில் என் லட்சியம் ஒன்றே ஒன்றுதான். கார் அவருடையது. பெட்ரோல் அவருடையது. ரூம் போட்டது அவர். இருக்கட்டும். ஆனால் என் மனைவியை முதன்முதலாக ஏரித் தண்ணீரில் படகில் கூட்டிப்போகிற ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் இருவர் மட்டும். அதையும் சகலை செய்துவிட்டால் நான் எதற்கு?

மறுத்துவிடலாம் என்று பார்த்தால் காரணம் கிடைக்கவில்லை. பழைய பாவு தீர்ந்துவிட்டது, புதுப் பாவு வர நாளாகும். நடுவில் அமாவாசை வேறு, அன்றைக்கு எங்கள் தெருவில் யாருமே தறியில் உட்கார மாட்டோம். ஏனாத்தூரில் காலேஜ் படிக்கும் மகன் பரீட்சை என்று வீட்டோடு தங்கிவிட்டான். சகலை, என் கொழுந்தியாள், அவர்களுடைய சின்னப் பெண், நாங்கள் இருவர், ஐந்து பேராகக் கிளம்பினோம்.

முன் சீட்டு மரியாதையாக எனக்குத்தான் கொடுக்கப்பட்டது. சேலம் வரைக்கும் ராஜாவாக வந்தேன். அதற்குள் அவர் பெரிய லாரிகளுக்கு நடுவே ஒற்றைக் கையால் காரை நுழைத்தெடுத்ததையும், ஆம்பூரில் எந்தச் சந்தில் போனால் நல்ல பிரியாணி கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருந்ததையும், கடைக்காரர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றதையும் பார்க்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் சொன்ன ஜோக்குகள் சுமாரானவை. அவற்றில் ஒன்றை நான் போன வருஷமே வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்போது "கைல வேலய பாருங்க" என்றாள்.

ஏற்காடு மலை ஏறும்போது அவளுக்குத் தலை சுற்றியது. இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே ராஜவீதிக் கடையில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, மூன்றாம் பேருக்குத் தெரியாமல் பாக்கெட்டில் வைத்திருந்தேன். சரியான நேரத்தில் எடுத்து நீட்ட வேண்டும் என்று திட்டம். நான் பாக்கெட்டைத் துழாவுவதற்குள் சகலை வண்டியை ஓரம் கட்டி, டேஷ்போர்டைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துவிட்டார்.

"இத போடுங்க அண்ணி, பத்து நிமிஷத்துல சரியாயிடும். முன்னால வந்து உக்காருங்க, பின்னால உக்காந்தா இன்னும் சுத்தும். சகல, நீ கொஞ்சம் பின்னால வா."

மாத்திரை வேலை செய்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து முன் சீட்டு அவளுக்கு ஆயிற்று. நான் பின்னால் தண்ணீர்க் கேனுக்கும் கொழுந்தியாளின் மகளுக்கும் நடுவில். அந்தச் சின்னப் பெண் என் தோளில் சாய்ந்து எச்சில் ஒழுகத் தூங்கியது. எலுமிச்சம்பழத்தை ஒரு வளைவில் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தேன்.

ஏற்காட்டில் நல்லவேளை, நாங்கள் போய்ச் சேரும்போது படகுத்துறையை மூடிக்கொண்டிருந்தார்கள். சகலை உச்சுக் கொட்டினார். நான் மனதுக்குள் அந்த மலைச்சாமி சேர்வராயனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். என் மனைவி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, இருட்டிக்கொண்டு வரும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். "நெசமாவே மேல நிக்குதுங்க" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். அன்றைய தினத்தில் எனக்கென்று கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்.

கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் இ-பாஸ் கேட்டார்கள். சகலை போனை எடுத்து நீட்டினார். அந்தப் போனில்தான் எல்லாமே இருந்தது. ரூம், வழி, பாஸ், பாட்டு, அவர் எடுத்துத் தள்ளிய போட்டோக்கள். "அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்பார், எடுப்பார், காட்டுவார். அவர் எடுத்த படங்களில் என் மனைவி அழகாக இருந்தாள். நான் எடுக்கும் படங்களில் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். ஆள் ஒன்று, வெளிச்சம் ஒன்று, பிறகு எப்படி இந்த வித்தியாசம் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடைக்கானல் ஏரிக்கரையில் காரை நிறுத்தியதும், நான் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் டிக்கெட் கவுன்ட்டருக்கு ஓடினேன். இருவர் மிதிக்கும் படகு ஒன்றுகூட இல்லை, எல்லாம் தண்ணீரில் இருக்கிறது, நாலு பேர் படகுதான் உண்டு என்றார்கள். காத்திருக்கலாமா என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே சகலை பின்னால் வந்து, "நாலு பேர் படகா, ரொம்ப நல்லதா போச்சு, எல்லாரும் ஒண்ணா போலாம்" என்று பணத்தை நீட்டிவிட்டார்.

சரி, ஒரே படகு என்றாலும் அவள் பக்கத்தில் உட்கார்வது நானாக இருக்கட்டும் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன். அங்கேயும் விதி விளையாடியது. படகைப் பிடித்திருந்த ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்தார். சகலையின் தொந்தியைப் பார்த்தார், பருத்துப்போன கொழுந்தியாளைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் உக்காந்தா சாஞ்சிடும். சார் முன்னால, அந்த அம்மா முன்னால. நீங்களும் அவரும் கொழந்தைய மடியில வச்சிக்கிட்டு பின்னால போங்க" என்று பிரித்துவிட்டார். சகலை முன்னால் இடது பக்கம். அவருடைய வலது பக்கத்தில் என் மனைவி.

நான் அந்தக் காட்சியைப் பின்னாலிருந்து பார்த்தேன். அந்த வலது பக்கம் இத்தனை வருஷமாக எனக்குச் சொந்தமானது. அங்கிருந்து அவள் கழுத்து எப்படித் திரும்பும், முழங்கை எப்படி மடங்கும் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது இன்னொருவர் தோளுக்குப் பக்கத்தில் அதே கழுத்து, அதே முழங்கை. 

சகலை மிதிக்க ஆரம்பித்தார். போட்டோ எடுத்து முடித்த போனை அவளிடம் கொடுத்து, "வச்சிக்கங்க அண்ணி" என்றார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். பனி தண்ணீரின் மேல் இறங்கி வந்திருந்தது, கரை தெரியவில்லை. படகின் மிதிகட்டையில் ஏதோ ஒரு ஆணி கழன்றிருந்தது போலும். ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று சத்தம் வந்தது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். கிட்டத்தட்ட என் பலகை அடிக்கும் வேகம்.

முதலில் அவள் விரல்கள்தான் அசைந்தன. அடுத்த சத்தத்துக்கு மணிக்கட்டு எழுந்து அடங்கியது. சகலைக்கு இது தெரியாது, கொழுந்தியாளுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கை அதன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கியிருந்தது. வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த டக் வந்தது. அவள் மடியில் இருந்ததை எடுத்து இடது பக்கமாகத் தாழ்வாக, சுத்தமாக, ஒரு வீச்சு வீசினாள்.

சகலை அந்நேரம் பின்பக்கம் திரும்பித் தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். போன் அவர் தொடைமேல் வழுக்கிக்கொண்டு போய், படகின் விளிம்பைத் தாண்டி, ஏரிக்குள் போயிற்று. குறி தப்பவே இல்லை. தறியாக இருந்தால் அந்த முனையில் என் கை இருந்திருக்கும்.

"அப்பா, பெரிம்மா உன் ஃபோன தண்ணில போட்டுட்டாங்க" என்றது பெண்.

என் மனைவி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "தம்பி, நான் வேணும்னு போடலப்பா. சத்தம் கேட்டுது. கை போயிடுச்சு" என்றாள். சகலை தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். "விடுங்க அண்ணி. ஏரிக்கு ஒரு காணிக்க. சனியன், லாரிக்காரனுங்க போன் பண்ணிக்கினே இருந்தானுங்க, இனிமே நிம்மதி." இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்வது? என் போன் போயிருந்தால் ஊர் திரும்பும்வரை சொல்லிக்காட்டியிருப்பேன். அந்த இடத்தில் அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்காக நான் சண்டை போட்டிருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால், போன் மூழ்கியதில் எனக்குச் சந்தோஷம். அவ்வளவு அழகான போட்டோக்களும் போயின. மறுநாள் பழனி வழியாக ஊட்டிக்குப் போகும்போது பாஸ் எடுத்ததும் வழி பார்த்ததும் என் போனில்தான். கீறல் விழுந்த அந்தப் போனை வைத்துக்கொண்டு அரைநாள் காரை ஆண்டேன். ஆனால் சந்தோஷம் தங்கவில்லை. அந்தக் கை அவர் பக்கம் வீசியதை என்னால் மறக்க முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.  அவளைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டேன்.

"என் பக்கம் போடற கை, அவரு பக்கம் போடுது" என்றேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது.



"அவரு யாரு, நீங்க யாருன்னு அதுக்கு இன்னாங்க தெரியும்? சத்தம் கேட்டா போடுது." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ஏரி எப்டி இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது. நான் ஏரியில இல்ல, தறியிலதான் உக்காந்துக்கினு இருந்தேன்."

எனக்கு அது அப்போது சரியாக ஏறவில்லை. சகலையை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பது மட்டும் காதில் விழுந்தது. தெம்பாகிவிட்டேன். கொடைக்கானல் கணக்கில் வராது என்று அவளே சொல்லிவிட்டாள், ஊட்டி பாக்கி இருக்கிறது.

ஊட்டி ஏரியில் சீசன் கூட்டம். சோளம் சுடுகிறவர்கள், குதிரைக்காரர்கள், அழும் குழந்தைகள். நான் சகலையிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், இந்தத் தடவை டிக்கெட் நான்தான் எடுப்பேன் என்று. "எடு சகல, யாரு வேணான்னா?" என்றார். கால் கடுக்க நின்று, இரண்டு பேர் மட்டும் உட்காரும் படகுக்குச் சீட்டு வாங்கினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தபோது கல்யாண மேடையில் நின்ற வெட்கம் எனக்குத் திரும்ப வந்திருந்தது.

"வா, ரெண்டு பேர் படகு. நாம மட்டும்" என்றேன்.

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு தண்ணீரில் மிதக்கும் படகுகளைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் துடுப்புப் போடும் படகு ஒன்று, ஓட்டுபவர் ஒரு முனையில் உட்கார்ந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். சத்தமே இல்லை.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் அதுல போய்ட்டு வரட்டா? நான் மட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பக்கத்துல யாராச்சும் உக்காந்தா கை தானா போவுதுங்க. நீங்க உக்காந்தீங்கன்னா கேக்கவே வேணாம். யாரும் இல்லாம ஒரு வாட்டி பாக்கறேன்."

சகலை காதில் அது விழுந்துவிட்டது. "இரு சகல, நான் போய் மாத்திக்கினு வர்றேன், அங்க ஒருத்தர தெரியும்" என்று கிளம்பினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "வேணா சகல. நானே போறேன்" என்றேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் நம்பவில்லை. "ஒருத்தருக்கா? அது குடும்பத்தோட போற படகு சார். ஒருத்தர் போனாலும் முழு டிக்கெட்." தெரியும் என்றேன். "நீங்க போகலியா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். இல்லை, என் மனைவி மட்டும்தான் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய சீட்டுகளில் என்னைச் சேர்க்காத முதல் சீட்டு அதுதான்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் இறங்கி, நடுப்பலகையில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் காலி. இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டாள், முதல் தடவையாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி. ஓட்டுபவர் முனையில் உட்கார்ந்து துடுப்பைத் தள்ள, படகு நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் கைகள் பிரிந்தன. ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள், மணிக்கட்டு நனையும்வரை. அந்தக் கை எதையும் வீசவில்லை, எதையும் வாங்கவில்லை. சும்மா தண்ணீரோடு போனது. அவள் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணி திரும்பியே பாக்கலயே" என்றார் சகலை. கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆமாம், பார்க்கவில்லை. கரையில் இரண்டு ஆண்கள் நிற்கிறோம், அதில் யார் மாத்திரை கொடுத்தது, யார் சீட்டு வாங்கியது என்பதெல்லாம் அவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான். இத்தனை மலையும் ஏறி நான் யார் மேல் எரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். பாவம், சகலை. இப்போது எனக்கு அந்தத் தண்ணீர் மேல் பொறாமையாக இருந்தது, அவளோடு ஒன்றும் பேசாமல் அவளைச் சும்மா விட்டிருந்ததே அதன் மேல். ஒரு மனுஷன் மேல் இருக்கிற பொறாமையையாவது எங்கேயாவது இறக்கி வைக்கலாம்.

படகு ஒரு வளைவுக்குப் பின்னால் மறைந்தது, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, களைப்பும் இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. படகு கரையைத் தொட்டதும் இறங்கக் கை கொடுக்கலாம் என்று குனிந்து நீட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். வழக்கமாக அவள் கடைக்குப் போய்வந்தாலே அரைமணி நேரம் கதை சொல்வாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள், அவ்வளவுதான். பிறகு நீட்டியபடி இருந்த என் கையைப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு கேட்டாள்: "ஏங்க, இன்னொரு வாட்டி போவட்டா?"

தலையாட்டினேன். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். டிக்கெட் வரிசை முன்பைவிட நீண்டிருந்தது. போய்க் கடைசி ஆளாக நின்றேன்.